துரோகமல்ல என்று பேசியவர்

என் அண்ணன் இஞ்ஞாசிக்கு மேடை என்றால் உயிர். சாவு வீட்டில்கூட நாலு வார்த்தை பேச இடம் கிடைக்குமா என்று பார்க்கிற ஆள். அரசாங்கப் பள்ளியில் தமிழாசிரியர். தோ பாயோவில் சொந்த வீடு, சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. என் கணவர் இயேசுதாசன் நேர்மாறு. ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் ஸ்டோர்க்காரர். வீட்டில் உப்பு இல்லை என்றாலும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்துவிடுவார். ஆனால் மைக்கைக் கையில் கொடுத்தால் வேறு மனிதர் ஆகிவிடுவார். மச்சானும் மாப்பிள்ளையுமாக இவர்கள் இரண்டு பேரும்தான் எங்கள் கோயில் பங்கில் மாதா திருவிழாப் பட்டிமன்றத்தை வருஷா வருஷம் கலகலப்பாக்கிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பட்டிமன்றத்துக்கு ஒரு முறை உண்டு. யாருக்கு எந்தக் கட்சி என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் முடிவு செய்வார்கள். பேசுகிறவனின் மனசு என்ன நினைக்கிறது என்பது கணக்கிலேயே வராது. 'தாயா தாரமா' என்று தலைப்பு வந்தால், அம்மாவோடு பேச்சுவார்த்தையே இல்லாதவன்கூடச் சீட்டு அப்படி விழுந்ததற்காகத் தாய்க்குக் கண்ணீர் விட வேண்டும். விழுந்த சீட்டை மாற்றக் கூடாது. நடுவர் அப்துல் கையூம் இதில் ரொம்பக் கண்டிப்பு. சிராங்கூன் சாலையில் துணிக்கடை வைத்திருந்தவர். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று யார் பட்டிமன்றம் போட்டாலும் அவர்தான் நடுவர்.

அது எழுபத்திரண்டாம் வருஷம். பங்களாதேஷ் பிறந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. தேக்கா மார்க்கெட்டில் ஆட்டுக்கறி வாங்கப் போனாலும் அதே பேச்சு. அப்துல் கையூம் அதையே தலைப்பாக்கிவிட்டார்: 'ஒரு நாட்டிலிருந்து பிரிந்து போவது துரோகமே, துரோகமல்ல.' சீட்டுக் குலுக்கினார்கள். 'துரோகமல்ல' என் அண்ணனுக்கு விழுந்தது. 'துரோகமே' என் கணவருக்கு.

இந்தத் தலைப்பு எங்கள் வீட்டுக்குள் எப்படி வந்து உட்கார்ந்தது என்று புரிய வேண்டுமானால் என் கணவர் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் பிறந்தது ஜொகூரில், குளுவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். வேலை தேடி வாலிபத்திலேயே சிங்கப்பூர் வந்து செம்பவாங்கில் வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தில் சேர்ந்தார். அப்போது ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மலேசியா என்று ஒரே நாடு ஆகியிருந்தது. ஒரே நாட்டில் இருக்கிறவன் எதற்குக் குடியுரிமைப் பதிவு கிதிவு என்று இருந்துவிட்டார். அறுபத்தைந்தில் ஒரு நாள் சிங்கப்பூர் தனியாகப் பிரிந்தது. என் கணவர் இருந்த இடத்திலிருந்து நகரவே இல்லை, ஆனால் வெளிநாட்டுக்காரர் ஆகிவிட்டார். பிறகு வெள்ளைக்காரன் தளத்தைக் காலி பண்ணிக்கொண்டு போனான். ஜூரோங்கில் வேலை கிடைத்தது. ஆனால் வொர்க் பெர்மிட்டில்தான். அதை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். பஃபலோ ரோட்டில் ஒரு மளிகைக்கடைக்கு மேலே ஓர் அறையில் இருந்தோம். நான் இங்கே பிறந்தவள், குடிமக்களுக்குக் கொடுக்கிற பிங்க் ஐசி என்னிடம் இருந்தது. அவருக்கும் அது கிடைத்துவிட்டால் வேலை நிலைக்கும், அரசாங்க வீட்டுக்குப் பதியலாம், ஒரு பிள்ளையைப் பெற்று நிம்மதியாக வளர்க்கலாம். குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டிருந்தார். ஸ்பான்சர் கையெழுத்துப் போட்டவர் என் அண்ணன்.

சீட்டு விழுந்த அடுத்த ஞாயிறு பூசை முடிந்து அண்ணன் எங்கள் அறைக்கு வந்தார். மாங்காய் போட்டு மீன் குழம்பு வைத்திருந்தேன். இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்ட பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"மாப்ள, எனக்கு விழுந்த சீட்டு சரியில்ல."

"ஏன் மச்சான்? நல்ல கட்சிதானே. நெறைய பேசலாமே."

"பேசலாம் லா. ஆனா நான் கவர்மெண்ட் ஆளு. பிரிவினைக்கு சப்போர்ட்டா மேடையில பேசுறான்னு எவனாச்சும் பிரின்சிபல் காதுல போட்டுட்டா? சீனியர் போஸ்டுக்கு என் பேரு போயிருக்கு. நாம மாத்திக்குவோமா?"

எனக்கு உடனே சுருக்கென்றது. "அண்ணே, இவரு சிட்டிசன்ஷிப்புக்குப் போட்டிருக்காரே. உங்களுக்கு ஆகாதது இவருக்கு மட்டும் ஆகுமா?"

"அட, நீ ஒண்ணு. ஸ்டோர்ல வேல பாக்குற ஆளு கோயில் மண்டபத்துல என்னா பேசுனான்னு யாரு வந்து கேக்கப் போறா? அப்படியே கேட்டாலும் ஸ்பான்சர் யாரு? நான்தானே? நான்தான் மாத்தச் சொன்னேன்னு சொல்லிடுறேன். நான் இருக்கேன்லா, பிரிஜட்."

"மாத்தக் கூடாதுன்னு வழக்கம் இருக்கே."

"கையூம் பாய்கிட்ட நான் பேசிக்கிறேன்."

என் கணவர் சிரித்தார். "சரி மச்சான். எனக்கு எந்தக் கட்சியா இருந்தா என்ன. நீங்க பயப்படாம பேசுங்க."

எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொல்லவும் செய்தேன். சொல்லிவிட்டுக் குழம்புச் சட்டியை நங்கென்று கீழே வைத்தேன். ஆண்பிள்ளைகள் இருவரும் மீன் தலை யாருக்கு என்பதில் மும்முரமாக இருந்தார்கள்.

பட்டிமன்றத்தன்று மேடைக்குப் போகும்போதுதான் கையூம் பாய்க்கு விஷயம் தெரிந்தது. அண்ணன் அவரிடம் பேசியிருக்கவே இல்லை. பாய் முகம் சுருங்கிவிட்டது. "சீட்ட மாத்துறது நம்ம வழக்கத்துலயே இல்லியே சார்" என்று அண்ணனைப் பார்த்துச் சொன்னார். ஆனால் மண்டபம் நிறைந்து வாசல் வரை ஆட்கள் நின்றதால் மேலே எதுவும் சொல்லாமல் மணியை அடித்தார்.

அண்ணன் நன்றாகத்தான் பேசினார். நாடு என்பது தாய், பால் கொடுத்தவளை உதறிவிட்டுப் போகிறவன் எந்தக் காரணம் சொன்னாலும் துரோகி, என்று குரலை ஏற்றி இறக்கிச் செய்தார். பெண்கள் பக்கத்தில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அடுத்து என் கணவர் எழுந்தார். பங்களாதேஷைப் பற்றிக் கொஞ்சம் பேசினார். அண்ணன் தம்பி பாகம் பிரிவதைப் பற்றிப் பேசிச் சிரிக்க வைத்தார். அப்புறம் குரல் தணிந்துவிட்டது.

"நடுவர் அவர்களே, அறுபத்தைந்து ஆகஸ்ட்டில் அந்தச் செய்தி வந்தபோது நான் செம்பவாங்கில் சோறு தின்றுகொண்டிருந்தேன். சோற்றைப் பிசையும்போது என் அம்மா என் நாட்டில் இருந்தாள். வாயில் வைக்கும்போது அவள் வெளிநாட்டில் இருந்தாள். நானும் அவளை உதறவில்லை, அவளும் என்னை உதறவில்லை. எதிரணித் தலைவர் சொல்கிறார், பிரிவது துரோகம் என்று. அப்படியானால் இந்த மண்டபத்தில் இருக்கிற நாம் எல்லாரும் யார்? துரோகத்தில் பிறந்த நாட்டின் பிள்ளைகளா? இல்லை ஐயா. நாம் தலைநிமிர்ந்து நடக்கிறோம். பிரிந்து வந்து உழைத்து மானமாகச் சோறு தின்கிறோம். இது துரோகமல்ல."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இந்த நாட்டுக்காக இவ்வளவு உருகிப் பேச அங்கே வேறு யாரும் இல்லை என்று தோன்றியது. தீர்ப்பு அவர் பக்கம். அண்ணன் கைகொடுத்தார், ஆனால் முகம் புளித்திருந்தது. பத்திரமான கட்சியைக் கேட்டு வாங்கியும் தோற்றுப்போனது அவருக்கு ஆறவில்லை. திருவிழாச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் போய்விட்டார்.

யார் போய்ச் சொன்னார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நல்ல பேச்சைப் பாதி கேட்டு, பாதி மறந்து, மீதியைத் தானே சேர்த்துக்கொள்கிற ஆட்கள் எந்த ஊரிலும் உண்டு. சிங்கப்பூரைத் துரோகத்தில் பிறந்த நாடு என்று ஒருவர் மேடையில் பேசினார், அவர் மலேசியாக்காரர், குடியுரிமை கேட்டிருக்கிறார். இப்படி எங்கேயோ போய்ச் சேர்ந்திருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை. மறுநாள் அண்ணன் மகளுக்குப் புதுநன்மை, முதல் தடவையாக நற்கருணை வாங்குகிற நாள். நான் தோ பாயோவுக்குப் போய் ஜோசபின் அண்ணியோடு அடுப்படியில் அச்சு முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தேன். கதவு தட்டும் சத்தம் கேட்டது. ஹாலில் ஒரு சீனர் குரல். குடியுரிமை விஷயமாக ஸ்பான்சரைப் பார்த்துப் பேச வந்த அதிகாரி என்று அண்ணி எட்டிப் பார்த்துச் சொன்னாள். எனக்குப் படபடப்பு, கூடவே சந்தோஷம். விஷயம் நகர்கிறதே, அண்ணன் இருக்கிறாரே என்றுதான் நினைத்தேன். நானே டீ போட்டேன். நல்ல கோப்பைகளை எடுத்துக் கழுவித் தட்டில் வைத்துக்கொண்டு ஹாலுக்குப் போனேன்.

அந்த மனிதர் மரியாதையானவர். குரலை உயர்த்தாமல் பேசினார். நான் தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரை படித்தவள், ஆங்கிலம் பேச வராது. ஆனால் கேட்டால் பாதிக்கு மேல் புரியும். அவர் ஏற்கெனவே கையூம் பாயைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். சீட்டு ஒருவிதமாக விழுந்தது, மேடையில் பேசியது வேறுவிதம் என்று பாய் உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தார். அதிகாரிக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்.

"ஹூ ஆஸ்க்ட் டு சேஞ்ச்?"

மாற்றிக்கொள்ளலாம் என்று கேட்டது யார். நான் தட்டோடு கதவருகே நின்றேன். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்த பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"ஹி ஆஸ்க்ட் மி. ஹி வான்டட் தட் சைட்."

அவர்தான் கேட்டார், அந்தப் பக்கம்தான் வேண்டும் என்றார். என் காதில் அது விழுந்த பிறகும் ஒரு கணம் அண்ணன் வேறு யாரையோ பற்றிச் சொல்கிறார் என்றே நினைத்தேன்.

"பொய் சொல்லாதீங்கண்ணே!" என்றேன். தட்டை மேஜைமேல் வைத்துவிட்டு அதிகாரியைப் பார்த்துத் தமிழிலேயே கொட்டினேன். "சார், சீட்டு எங்கண்ணனுக்கு விழுந்துச்சு. பிரின்சிபலுக்குப் பயந்துக்கிட்டு எங்க ரூமுக்கு வந்து இவருதான் மாத்தச் சொன்னாரு. நான் சோறு போட்டேன். நான் பக்கத்துலயே இருந்தேன் சார்."

அதிகாரி புரியாமல் அண்ணனைப் பார்த்தார். இந்த அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டார். தமிழை ஆங்கிலத்தில் சொல்ல அந்த அறையில் இருந்த ஒரே ஆள் என் அண்ணன்.

"மை சிஸ்டர். ஹிஸ் வைஃப். ஷி சேஸ் ஹர் ஹஸ்பண்ட் இஸ் எ குட் மேன். ஷி இஸ் வெரி வொரீட்."

நல்ல மனிதர் என்கிறாள், ரொம்பக் கவலையில் இருக்கிறாள். அவ்வளவுதான் என் பேச்சு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாய்க்கு வந்த ஆங்கிலத்தை எல்லாம் பொறுக்கி எடுத்தேன்.

"நோ! நாட் தட்! மை பிரதர் சேஞ்ச்! பேப்பர் சேஞ்ச்! மை பிரதர்!"

"ஷி மீன்ஸ் த சிட்டிசன்ஷிப் பேப்பர்" என்றார் அண்ணன், கொஞ்சமும் தடுமாறாமல்.

அதிகாரி என்னைப் பார்த்து இரக்கத்தோடு தலையாட்டினார். "ஓகே மேடம், ஓகே" என்றார். நான் போட்ட டீயைப் பாதி குடித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார். நான் கத்தியிருக்கலாம், அவர் பின்னால் படியிறங்கி ஓடியிருக்கலாம். ஓடித்தான் என்ன சொல்வேன்? எந்த மொழியில் சொல்வேன்? அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, நாளைக்குப் பிள்ளைக்குப் புதுநன்மை, சண்டை வேண்டாம் என்று அழுதாள்.

"ஏண்ணே இப்படி செஞ்சீங்க?" என்று கேட்டேன். கோபம்கூட அப்போது வரவில்லை.

"நான்தான் மாத்தச் சொன்னேன்னா, ஏன்னு கேப்பான். பயந்துட்டேன்னு சொல்ல முடியுமா? தப்பு ஒண்ணும் செய்யாதவன் ஏன்டா பயந்தேம்பான். அப்புறம் என் மேல ஒரு கண்ணு விழும். எனக்குப் புள்ளகுட்டி இருக்கு பிரிஜட். அவருக்கு ஒண்ணும் ஆகாது. ஒரு பேச்சுக்காக யாரும் ரிஜெக்ட் பண்ண மாட்டாங்க."

ரிஜெக்ட் பண்ணினார்கள். காரணம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லையாம். அதற்குப் பின்னாலேயே வொர்க் பெர்மிட்டும் புதுப்பிக்கப்படவில்லை. பட்டறையில் ஒரு கடிகாரம் கொடுத்துக் கைகுலுக்கி அனுப்பிவிட்டார்கள். என் கணவர் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். நான்தான் அண்ணனைத் திட்டித் தீர்த்தேன்.

"விடு. மச்சானுக்கும் பயம் இருக்கும்ல" என்றார்.

இந்த நல்ல குணம்தான் எனக்கு ஆத்திரம். அடிபட்டவனே அடித்தவனுக்கு வக்கீலாகிவிட்டால் கூட இருக்கிறவள் எங்கே போய் முட்டிக்கொள்வாள்?

மறுபடி முறையிட வழி இருந்தது. கையூம் பாய் விசாரித்துச் சொன்னார். உள்ளதைச் சொல்லும் ஸ்பான்சர் நேரில் வந்தால் திரும்பப் பார்ப்பார்களாம். பாவம், அவர் தன் கடையைப் பூட்டிவிட்டு எங்களுக்காக அலைந்தார். தன் வாயால்தான் வினை வந்தது என்று அவருக்கு மனசு கேட்கவில்லை. பொய் சொல்லாத மனிதருக்கு வந்த குற்ற உணர்ச்சியில் கால்வாசிகூட என் அண்ணனுக்கு வரவில்லை. நான் மூன்று தடவை தோ பாயோவுக்குப் போனேன். முதல் தடவை பார்ப்போம் என்றார். இரண்டாம் தடவை வீட்டில் இல்லை என்று அண்ணியைச் சொல்லச் சொன்னார். அவருடைய செருப்பு வாசலில் கிடந்தது. மூன்றாம் தடவை சீனியர் போஸ்ட் கிடைத்துவிட்டது என்று மைசூர்பாகு கொடுத்தார். வாங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டேன். அவர் பார்க்கத்தான் போட்டேன்.

பெர்மிட் முடிகிற வாரம் வந்தது. குளுவாங்கில் என் மாமியார் இருந்தாள், தோட்டத்து ஆபீசில் ஏதாவது வேலை கிடைக்கும் என்றார் கணவர். நீ இங்கேயே இரு, நான் மாசம் ஒரு தடவை வந்து போகிறேன் என்றும் சொன்னார். உங்கள் வேலையைப் பாருங்கள் என்றேன். இரண்டு பெட்டி கட்டினேன்.

சொல்லிக்கொள்ளாமல் போகக் கூடாது என்று கணவர் பிடிவாதம் பிடித்ததால் கடைசி முறையாகத் தோ பாயோவுக்குப் போனோம். நான் உள்ளே போகவில்லை, காரிடாரிலேயே நின்றேன். அண்ணன் வெளியே வந்தார். பெட்டிகளைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

"நீயுமா போற? நீ சிட்டிசன். இங்க பொறந்து, இங்க படிச்சு, இந்த ஊரு சோத்தத் தின்னு வளந்தவ. அப்பா அம்மா கல்லறை இங்க பிடாதாரில இருக்கு. எல்லாத்தையும் உதறிட்டுப் போறியா? அவரு ஒரு நாட்டுக்காரரு, போறாரு. நீ போறது அப்படியா? இது துரோகம் பிரிஜட். பொறந்த வீட்டுக்கும் துரோகம், நாட்டுக்கும் துரோகம்."

மேடையில் பேசிய அதே குரல். பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண் வாசலில் வந்து நின்று பார்த்தாள். அவர் உண்மையாகவே அதை நம்பித்தான் சொன்னார். அதுதான் என்னைச் சுட்டது. கண்ணில் தண்ணீர்கூட நின்றது.

"இவர போகச் சொல்லிட்டாங்க. நான் புருஷன்கூட போறேன்" என்றேன். "நான் யாரையும் உதறல. அன்னைக்கு டீத் தட்டோட நின்னேனே, நான் ஒண்ணு சொல்ல நீ ஒண்ணு சொன்னியே, அன்னைக்கே நீ என்ன உதறிட்ட. நீ எங்கயும் போகல. இதே வீட்டுல, இதே நாற்காலியில உக்காந்துக்கிட்டே செஞ்ச."

நான் பிறந்ததிலிருந்து அண்ணனை 'நீ' என்று கூப்பிட்டதில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டார். சாவு வீட்டிலும் பேச்சுத் தேடுகிற மனிதருக்கு அன்று ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. அண்ணி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

என் கணவர் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டார். கை கூப்பினார். "போயிட்டு வர்றோம் மச்சான்" என்றார், ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்துவிட்டுக் கிளம்புகிறவர் மாதிரி.

எங்கள் வீட்டில் யாரும் வாசலில் நின்று 'போறேன்' என்று சொன்னதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனாலும், கப்பல் ஏறினாலும் 'வர்றேன்' என்றுதான் சொல்வோம். 'போறேன்' என்பது பிணத்துக்கு உரிய வார்த்தை என்று அம்மா வாயில் அடிப்பாள். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

"நான் போறேன்" என்றேன்.

அண்ணி "ஐயோ, அப்படிச் சொல்லாத பிரிஜட்" என்று அலறினாள். அண்ணன் அப்போதுதான் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். என் கணவர் என் தோளைத் தொட்டு, மாற்றிச் சொல்லும்படி கண்ணால் கெஞ்சினார். நான் மாற்றவில்லை. மற்றப் பெட்டியை எடுத்துக்கொண்டு, லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கினேன்.